அம்பாள் சந்நிதியில் மார்க் போட வேண்டாம்



பதிவு கொஞ்சம் நீளம். ஆனால் நவராத்திரிக்கு முன்னால் சொல்லாவிட்டால் பிறகு சொல்லிப் பயனில்லை. அதனால் பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. படிச்சு முடிச்சுட்டுத் திட்டணும்னா தாராளமா திட்டுங்க. பாதி படிச்சுட்டு மட்டும் திட்டாதீங்க.

நாங்க யாருன்னு பலருக்குத் தெரியும். நம்ம ஆலயத்து அன்னதானக் கூடத்தில் வெங்காயம் உரிக்கிறவங்க, அண்டா கழுவுறவங்க, விசேஷ நாளில் வாசலில் நின்னு காரை ஒழுங்குபடுத்துறவங்க. ஒன்பது பேர் உட்கார்ந்து பேசி எழுதினது இது. யாருக்கும் பதவி ஆசை கிடையாது. அடுத்த கூட்டத்தில் எந்த நாற்காலிக்கும் நாங்க நிற்கப் போறதில்லை.

விஷயம் இதுதான். போன வாரம் ஆலயப் புலனக் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்த வருஷம் நவராத்திரி ஒன்பது இரவும் மாபெரும் நடனப் போட்டியாம். எட்டு இரவு சுற்றுகள், ஒவ்வோர் இரவும் ஒரு குழு வெளியேற்றம், ஒன்பதாம் இரவு இறுதிச் சுற்று, கோப்பை, பெரிய அட்டைக் காசோலை. முகநூலில் யாருக்கு அதிகம் லைக் விழுதோ அவங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் வேற. வயது ஆறு முதல் பன்னிரண்டு வரை. கீழே கைதட்டல் படங்கள் நூத்துக்கும் மேல.

நாங்க கைதட்டலை. இதை எதிர்க்கிறோம். ஏன்னு சொல்றோம்.

முதல்ல ஒண்ணைத் தெளிவுபடுத்திடறோம். நாங்க டிவிக்கு எதிரிங்க இல்ல. ‘சீரியல் வந்துதான் பக்தியைக் கெடுத்துச்சு’ன்னு மேடைக்கு மேடை பேசுறவங்க வரிசையில் எங்களைச் சேர்க்காதீங்க. எங்க சமையல்கட்டில் காய் நறுக்கும்போது பேச்சே சீரியல்தான். ராதிகாவோட ‘சித்தி’ 1999-இல் தொடங்கின நாளிலிருந்து பார்த்துக்கிட்டு வர்றவங்க எங்கள்ல இருக்காங்க. 2002-இலிருந்து 2005 வரைக்கும் வந்த ‘மெட்டி ஒலி’யில் அஞ்சு பொண்ணுங்களைப் பெத்த சிதம்பரத்துக்காகக் கண்ணீர் விடாத வீடு நம்ம தாமான்ல இருந்துச்சா? அதோட தலைப்புப் பாட்டுக்கு சாந்தி ஆடுற ஆட்டத்தைப் பார்க்கிறதுக்காகவே அடுப்பை அணைச்சுட்டு வந்து உட்கார்ந்தவங்க நாங்க. தேவயானி நடிச்ச ‘கோலங்கள்’ ஆறு வருஷம் ஓடுச்சு. ஆறு வருஷமும் அபி பட்ட பாட்டை நம்ம வீட்டுப் பொண்ணு பட்ட பாடா நினைச்சுப் பேசினோம். ‘எதிர்நீச்சல்’ ஆதி குணசேகரனை வாய் நிறையத் திட்டிக்கிட்டே ரசிச்சோம். அந்த வேஷம் கட்டின மாரிமுத்து 2023 செப்டம்பர்ல இறந்துட்டாருன்னு செய்தி வந்த அன்னிக்கு, திட்டின வாயெல்லாம் மூடிக்கிச்சு. சாம்பார் அண்டாவைச் சுத்தி நின்னவங்க ரொம்ப நேரம் எதுவும் பேசலை.

நடனப் போட்டியும் அப்படித்தான். விஜய் டிவியில் ‘ஜோடி நம்பர் ஒன்’, கலைஞர் டிவியில் ‘மானாட மயிலாட’, நம்ம ஊர் வானவில்லில் ‘ஆட்டம் 100 வகை’ எல்லாம் பார்த்தவங்கதான். நடுவர் கொடுத்த மார்க் சரியில்லன்னு டிவியைப் பார்த்துச் சண்டை போட்டவங்கதான். ஆக, ரசிகர்களாவே பேசுறோம். ரசிச்சுப் பார்த்ததனாலதான், அது எப்படி வேலை செய்யுதுன்னு எங்களுக்குத் தெரியும்.

டிவி நடனப் போட்டி எதனால ஓடுது? ஆட்டம் நல்லா இருக்கிறதனால மட்டும் ஓடலை. வாரா வாரம் யாரோ ஒருத்தர் வெளியே போறதனாலதான் ஓடுது. ஆடி முடிச்சதும் மூச்சு வாங்க நிற்கிற முகத்தைக் கேமரா கிட்டக்கப் போய்ப் பிடிக்கும். நடுவர் ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்துவார். பின்னணியில் ‘டம்’முன்னு ஒரு சத்தம். உடனே விளம்பரம். திரும்பி வந்தா, ஒருத்தர் அழுதுகிட்டே எல்லாரையும் கட்டிப்பிடிச்சு விடை வாங்குவார். அந்த அழுகைக்குத்தான் நாம அடுத்த வாரமும் உட்காருறோம். இதைக் குத்தமா சொல்லலை. அது அவங்க தொழில். ஆடுறவங்களும் பெரும்பாலும் பெரியவங்க, கலைத்துறையில் இருக்கிறவங்க, தெரிஞ்சே வர்றவங்க.

ஆனா கோயிலோட கணக்கு நேர்மாறு. டிவிக்கு வாரா வாரம் ஓர் ஆள் வெளியே போகணும். கோயிலுக்கு வாரா வாரம் ஓர் ஆள் உள்ளே வரணும். இந்த ரெண்டு கணக்கையும் ஒரே மேடையில் போட்டா எது ஜெயிக்கும்னு போன வருஷமே பார்த்துட்டோம்.

போன வருஷம் ஏழாம் இரவு ஒரு நாள் மட்டும் ‘சோதனை முயற்சி’யா இந்தப் போட்டி நடந்தது. நிறைய பேர் படம் பிடிச்சுப் போட்டீங்க, ‘ஆலயம் களைகட்டியது’ன்னு எழுதினீங்க. படத்தில் விழாத சில விஷயங்களை நாங்க சொல்றோம்.

நம்ம மண்டபத்தில் மேடை அம்பாள் சந்நிதியைப் பார்த்த மாதிரி இருக்கு. அதைக் கட்டினவங்க யோசிச்சுத்தான் கட்டினாங்க. ஆடுற பிள்ளை நிமிர்ந்து பார்த்தா நேரா அம்பாள் தெரியணும். அன்னிக்கு நடுவர் மேசையை எங்கே போட்டாங்க? சந்நிதிக்கும் மேடைக்கும் நடுவுல. மூணு நடுவர்களும் அம்பாளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. பிள்ளைங்க நிமிர்ந்து பார்த்தா தெரிஞ்சது மூணு முகமும் ஒரு மார்க் அட்டையும். யாரும் வேணும்னு செய்யலை. ஆனா அப்படித்தான் இருந்தது. அலங்காரம் செஞ்ச குருக்கள் ஓரமா நின்னு பார்த்துக்கிட்டிருந்தார். முடிவு அறிவிக்கத் தாமதம் ஆனதனால இரவு தீபாராதனை நாப்பது நிமிஷம் காத்திருந்தது. அன்னிக்கு அம்பாள் மதிப்பெண் கூட்டி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா.

எட்டு வயசுப் பொண்ணு ஒருத்தி தனியா ஆடினா. பேர் சொல்ல மாட்டோம், ஊகிக்கவும் வேணாம். ஆட்டத்து நடுவுல கால் சலங்கை அவிழ்ந்துடுச்சு. அவ பயப்படலை. அப்படியே உட்கார்ந்து கட்டினா. எழுந்து விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஆடினா. நம்ம ஆலயத்தில் இவ்வளவு வருஷத்தில் நாங்க பார்த்த அழகான காட்சிகள்ல அது ஒண்ணு. ஒலிபெருக்கியில் நடுவர் சொன்னது: “பயிற்சி பத்தாது. மேடைக்கு வர்றதுக்கு முன்னால தயாரா வரணும்.” பத்துக்கு நாலு. முன்னூறு பேர் முன்னிலையில் அந்தப் பிள்ளை நாலை வாங்கிக்கிட்டு இறங்கினா.

அவளோட பாட்டி வெள்ளிக்கிழமை தவறாம வந்து மல்லி கட்டிக் கொடுப்பாங்க. அந்த ஏழாம் இரவுக்கு அப்புறம் அந்தக் குடும்பம் வரலை. ரெண்டு மாசம் கழிச்சு எங்கள்ல மூணு பேர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். கோபமா பேசுவாங்கன்னு நினைச்சோம். பேசலை. டீ போட்டுக் கொடுத்தாங்க. அப்புறம் அந்த அம்மா சொன்னாங்க: “அம்பாளுக்கு என் ஆட்டம் பிடிக்கலையாம்மான்னு கேட்கிறாக்கா. நான் என்ன பதில் சொல்றது?”

எங்ககிட்டயும் பதில் இல்லை. ஏன்னா அந்த மார்க் தாளை வாங்கிக் கூட்டிப் போட்டதே எங்கள்ல ரெண்டு பேர்தான். கைப்பேசியில் கணக்குப் பார்த்து, சரியா இருக்கான்னு ரெண்டு தடவை சோதிச்சு, ஒலிவாங்கியில் கொண்டு போய்க் கொடுத்தோம். அன்னிக்கு அது தப்புன்னு எங்களுக்கும் தோணலை. கைதட்டலோட கைதட்டலா நாங்களும் நின்னோம். அதனால இந்தப் பதிவில் நிர்வாகத்தை மட்டும் குத்தம் சொல்லலை. எங்களையும் சேர்த்துத்தான் சொல்றோம்.

இப்போ எதிர்ப்பக்கம் என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம். நாலு வாதம் எங்க காதுக்கு வந்தது.

ஒண்ணு, ‘போட்டி வச்சாதான் கூட்டம் வரும்.’ வந்தது, மறுக்கலை. ஆனா அன்னதானக் கூடத்தில் நிற்கிறவங்க நாங்க. எங்களுக்கு வேற கணக்கு தெரியும். தோத்த பிள்ளைங்களோட வீட்டார் முடிவு சொன்ன கையோட கிளம்பிட்டாங்க. ஜெயிச்சவங்க கோப்பையோட படம் எடுக்கப் போயிட்டாங்க. தீபாராதனைக்கு நின்னவங்க வழக்கமா நிற்கிறவங்கதான். சுண்டல் மூணு பாத்திரம் மிச்சம். மறுநாள் எட்டாம் இரவுக்கு வந்த கூட்டம் ஆறாம் இரவை விடக் குறைச்சல். வந்த கூட்டத்தை மட்டும் எண்ணாதீங்க, நின்ன கூட்டத்தையும் எண்ணுங்க.

ரெண்டு, ‘சாமியே போட்டி போட்டிருக்காங்களே.’ இந்த வாதம்தான் அதிகமா வருது. திருவாலங்காட்டில் சிவனும் காளியும் ஆடலையா, திருவிளையாடலில் பாட்டுப் போட்டி இல்லையா, மாம்பழத்துக்குப் பிள்ளைங்க போட்டி போடலையான்னு கேட்கிறாங்க. நல்ல கேள்வி. ஒவ்வொண்ணா வருவோம்.

திருவாலங்காடு, அஞ்சு சபைகள்ல ரத்தின சபை. சிவபெருமான் காலைத் தலைக்கு மேல தூக்கி ஊர்த்துவ தாண்டவம் ஆடினதும் காளி ஆட்டத்தை நிறுத்தினான்னு தல புராணம் சொல்லுது. சரி. அங்கே மார்க் போட்டது யார்? தோத்த காளியை ஊரை விட்டா அனுப்பினாங்க? இன்னிக்கும் அந்தத் தலத்தில் காளிக்கும் வழிபாடு உண்டு. அதே ஆலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையார் இறைவன் திருவடிக்குக் கீழே இருந்து பாடிக்கிட்டே இருக்காங்க. அவங்க எந்தப் பரிசும் கேட்கலை. பக்கத்தில் இருந்தா போதும்னாங்க.

திருவிளையாடல் புராணத்தில் விறகு விற்ற படலம். 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் எல்லாரும் பார்த்ததுதான். ஹேமநாத பாகவதர் வெளியூர்லேர்ந்து மதுரைக்கு வந்து, என்னோட பாடி ஜெயிக்க ஆள் உண்டான்னு கேட்கிறார். பாண்டியன் பாணபத்திரரைப் பாடச் சொல்லிடறார். பாணபத்திரருக்குப் பயம். எங்கே போறார்? நேரா கோயிலுக்கு. சொக்கநாதர் முன்னால நின்னு அழறார். அதுக்கு இறைவன் என்ன செஞ்சார்? ‘போய் நல்லா பயிற்சி பண்ணு, தயாரா மேடைக்கு வா’ன்னு சொன்னாரா? தானே விறகுக் கட்டைச் சுமந்துக்கிட்டுத் தெருவில் வந்தார். பாகவதர் இருந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடினார். அதைக் கேட்டு பாகவதர் ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டுக் கிளம்பிட்டார். போட்டி நடக்கவே இல்லை! பயந்த பக்தன் ஒருத்தன் மேடை ஏறி அவமானப்படக் கூடாதுன்னு விறகு சுமந்தவர் நம்ம சாமி. அவர் பேரைச் சொல்லி எட்டு வயசுப் பிள்ளைக்கு நாலு மார்க் போடலாமா?

மாம்பழம். இதை நம்ம நாட்டில் விளக்கவே வேண்டாம். பத்துமலையில் 272 படி ஏறுற நமக்கு முருகன் கதை தெரியாதா? ஒரு பழம், ரெண்டு பிள்ளைங்க, உலகத்தைச் சுத்தி வந்தவனுக்குப் பரிசு. போட்டி வச்சது வெளியாள் இல்ல, அப்பா அம்மா. அண்ணன் கெட்டிக்காரத்தனமா ஜெயிச்சான். தம்பி நேர்மையா சுத்திட்டு வந்தான், தோத்தான். என்ன ஆச்சு? பிள்ளை கோவிச்சுக்கிட்டுப் பழனிக்குப் போயிட்டான். சிவன் பார்வதி வீட்டிலேயே ஒரு போட்டி ஒரு பிள்ளையை வெளியே அனுப்பிடுச்சுன்னா, நம்ம ஆலயத்துப் போட்டி எத்தனை பிள்ளையை அனுப்பும்? முருகன் போனா பழனி கிடைச்சது. நம்ம பிள்ளை போனா என்ன கிடைக்கும்? பேரங்காடியும் கைப்பேசியும்தான்.

மூணாவது வாதம் சினிமா ரசிகர்கள்கிட்டேர்ந்து வந்தது. ‘தில்லானா மோகனாம்பாள் படத்தில் கோயில்லதானே போட்டி?’ இதுக்குப் பதில் சொல்ல எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். 1968-ஆம் வருஷத்துப் படம். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடர்கதையா எழுதினது, ஏ.பி. நாகராஜன் எடுத்தது. சிவாஜிக்குப் பின்னால உண்மையில் நாகசுரம் வாசிச்சவங்க மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நாகசுரம் ஒரு பக்கம், பத்மினி நடனம் ஒரு பக்கம். போட்டி உண்டு, ஒத்துக்கிறோம். ஆனா அங்கே மேசை போட்டு உட்கார்ந்த நடுவர் யாராவது உண்டா? ‘தில்லானா’ங்கிற பட்டத்தை மோகனாவுக்குக் கொடுக்கிறவரே அவளோட போட்டி போட்ட சண்முகசுந்தரம்தான். எதிராளியோட கலையைப் பார்த்து மனசு நிறைஞ்சு தானே பட்டம் கொடுக்கிறான். அதுதான் அந்தப் படத்தோட உச்சம். அப்படி ஒரு போட்டி வைக்க முடிஞ்சா வைங்க, நாங்களே தோரணம் கட்டுறோம். ஒரு குழுப் பிள்ளைங்க இன்னொரு குழுவுக்கு மாலை போடட்டும். அதுக்கு ஒன்பது இரவு போதாது, இன்னும் ரெண்டு இரவு சேர்த்து வைப்போம்.

பழைய ரசிகர் ஒருத்தர் 1958-ஆம் வருஷத்து ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னையும் இழுத்தார். பத்மினியும் வைஜெயந்திமாலாவும் ஆடுற அந்தப் போட்டி நடனம். நல்லா நினைவுபடுத்திப் பாருங்க அண்ணே. அதில் தீர்ப்பே கிடையாது. அதனாலதான் இத்தனை வருஷம் கழிச்சும் யார் ஆட்டம் ஒசத்தின்னு வீட்டுக்கு வீடு சந்தோஷமா சண்டை நடக்குது. மார்க் போட்டிருந்தா அன்னிக்கே பேச்சு முடிஞ்சிருக்கும்.

நாலாவது வாதம் கொஞ்சம் கனமானது. அதனால மரியாதையோட பதில் சொல்றோம். ‘மலேசிய இந்து சங்கம் வருஷா வருஷம் திருமுறை ஓதும் விழா நடத்துது. அங்கேயும் போட்டிதானே? அதை மட்டும் ஏத்துக்கறீங்களே?’ ஏத்துக்கிறோம். அந்த விழாவால தேவாரம் மனப்பாடம் ஆன பிள்ளைங்க இந்த நாட்டில் ஏராளம். எங்கள்ல ரெண்டு பேர் சின்ன வயசில் அதில் பாடித் தோத்தவங்க. ஆனா தோத்த பிறகும் பதிகம் எங்ககிட்டயே இருந்தது. இன்னிக்கும் அடுப்பை மூட்டும்போது அதைத்தான் முணுமுணுக்கிறோம். என்ன பாடணும்னு முன்கூட்டியே சொல்லி, மாசக்கணக்கில் சமய வகுப்பில் சொல்லிக் கொடுத்து, பிழையில்லாம ஓதறானான்னு பார்க்கிறது ஒரு வகைத் தேர்வு. நவராத்திரி இரவில் அம்பாள் எதிர்ல, சொல்லிக் கொடுக்க ஆளே இல்லாம, சினிமாப் பாட்டை வீட்டில் பார்த்து ஆடி வந்த பிள்ளையைக் கூட்டத்து நடுவில் நிறுத்தி வெளியேத்துறது வேற. ரெண்டுக்கும் ‘போட்டி’ன்னு ஒரே பேர் இருக்கிறதனால ரெண்டும் ஒண்ணாகிடாது. நடனத்துக்கும் அப்படி ஒரு வகுப்பை முதல்ல ஆரம்பிங்க. தேர்வு வேணும்னா வேற நாளில், வகுப்பறையில் வைங்க.

‘வேண்டாம்’னு சொல்றது சுலபம், என்னதான் செய்யலாம்னு கேட்பீங்க. எங்க வருத்தமே அங்கேதான். டிவிகிட்டேர்ந்து கோயில் எடுத்துக்கக் கூடிய நல்ல விஷயங்கள் எவ்வளவோ இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு, வெளியேத்துற சுற்றை மட்டும் எடுத்துக்கிட்டு வந்திருக்கோம்.

சீரியல்கிட்டேர்ந்து ‘தொடரும்’ங்கிறதை எடுத்துக்கலாம். சீரியலோட பலமே அதுதான். நாளைக்கு என்ன ஆகும்னு தெரியாம தூக்கம் வராது. நவராத்திரியோ ஒன்பது இரவு. தேவி மாகாத்மியத்தை விடச் சிறந்த தொடர் எது? மது கைடபர், மகிஷாசுரன், சும்ப நிசும்பர்னு அடுக்கடுக்கா கதை. ரத்தபீஜனை எடுத்துக்குங்க. அவன் ரத்தம் ஒரு சொட்டு நிலத்தில் விழுந்தா இன்னொரு ரத்தபீஜன் எழுந்து வருவான். வெட்ட வெட்ட மேடை முழுக்க அசுரக் குட்டிகள். ஒரே நேரத்தில் இருபது பிள்ளைங்களுக்கு வேஷம். அந்த இடத்தில் அன்னிய இரவை நிறுத்துங்க. ‘தொடரும்’னு ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுங்க. காளி எப்படி அந்த ரத்தத்தைக் கீழே விழாம நாக்கால ஏந்தினான்னு பார்க்க மறுநாள் யாராவது வராம இருப்பாங்களா? வராட்டி எங்களைக் கேளுங்க.

சிரிப்பும் வேணும். கோயில்ல சிரிக்கக் கூடாதுன்னு நினைக்கிறவங்களுக்கு ‘வள்ளி திருமணம்’ தெரியாது போல. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. தமிழ்நாட்டுக் கிராமத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிற இசை நாடகம். ஆர்மோனியம், மிருதங்கம், இடையில பபூன் காமிக். வள்ளியும் நாரதரும் பாட்டாலயே தர்க்கம் பண்ணுவாங்க. முருகனோ வேடனா வந்து, வேங்கை மரமா நின்னு, கடைசியில் பல்லுப் போன கிழவனா வந்து தேனும் தினைமாவும் கேட்டு விக்கல் எடுப்பார். அப்புறம் அண்ணன் யானையா வந்து தம்பிக்குப் பொண்ணு சேர்த்து வைப்பார். இதை விட நல்ல பாட்டும் கூத்தும் கலந்த நகைச்சுவையை எந்தச் சேனல் போட்டிருக்கு? அதில் கிழவர் வேஷத்துக்கு நம்ம இளைஞர் பகுதியில் ரெண்டு பேர் இப்பவே பொருத்தமா இருக்காங்க. பேர் போட்டா கோவிச்சுக்குவாங்க. மாம்பழத்தில் பிரிஞ்ச அண்ணனும் தம்பியும் சேர்ந்து நிற்கிறது இந்தக் கதையிலதான் என்பதையும் கவனிங்க.

நடனப் போட்டிகிட்டேர்ந்தும் ஒண்ணு எடுத்துக்கலாம். அது ஒத்திகை. டிவியில் ஆடுறவங்க ஒரு பாட்டுக்கு ராப்பகலா உழைக்கிறாங்க. நம்ம மேடையில் முதல் நாள் மாலை வந்து ‘பாட்டு எந்த நம்பர்’னு கேட்கிறோம். ரெண்டு மாசம் முன்னாடியே மண்டபத்தைச் சனிக்கிழமை திறந்து விடுங்க. ஒரு நல்ல ஆசிரியருக்கு அந்தக் கோப்பைக்கும் நடுவர் செலவுக்கும் ஆகுற பணத்தைக் கொடுங்க. ஆட வர்ற பிள்ளை ஆடட்டும், கோலாட்டம் அடிக்கிற பிள்ளை அடிக்கட்டும், ரெண்டுமே வராத பிள்ளை திரை இழுக்கட்டும். ஒன்பதாம் இரவு எல்லாரும் சேர்ந்து அம்பாளைச் சுத்திக் கும்மி. பாட்டிகளும் வரட்டும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி பிரசாதப் பை, ஒரே மாதிரி மாலை. விஜயதசமி அன்னிக்கு ஏடு தொடங்குற பிள்ளைக்கு நாம மார்க் போடறதில்லையே. கையைப் பிடிச்சு அரிசியில் எழுத வைக்கிறோம். கோணலா எழுதினாலும் ‘அ’தான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ‘என் பொண்ணு ஜெயிச்சாளே, அதை ஏன் கெடுக்கறீங்க’ன்னு சிலர் எங்ககிட்டக் கேட்டாங்க. உங்க பொண்ணு நல்லா ஆடினா, அதில் சந்தேகமே இல்லை. மார்க் இல்லாட்டியும் அவ நல்லாத்தான் ஆடியிருப்பா. கைதட்டல் கொஞ்சமும் குறைஞ்சிருக்காது. ஜெயிச்ச பிள்ளைக்குப் போட்டி கொடுத்தது ஒரு கோப்பை. தோத்த பிள்ளைங்ககிட்டேர்ந்து எடுத்துக்கிட்டது கோயிலை. இந்த வியாபாரம் நமக்குக் கட்டுமா?

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குப் பிறகு மண்டபத்தில் நவராத்திரி ஏற்பாட்டுக் கூட்டம். அங்கே மூணு விஷயம் கேட்கப் போறோம். ஒண்ணு, ஒன்பது இரவும் பிள்ளைங்க ஆடட்டும், பாடட்டும், நடிக்கட்டும், மதிப்பெண்ணும் வெளியேற்றமும் வேண்டாம். ரெண்டு, சந்நிதிக்கும் மேடைக்கும் நடுவில் எந்த மேசையும் போடக் கூடாது. மூணு, எந்த நிகழ்ச்சிக்காகவும் தீபாராதனை காத்திருக்கக் கூடாது. உபயக்காரர்கள் தயவுசெய்து கூட்டத்துக்கு வாங்க. உங்க உபயத்தில் பிள்ளைங்களுக்குச் சலங்கை வாங்கிக் கொடுங்க, கோப்பை வேண்டாம். தலைவர் ஐயாவுக்கு எங்க மேல கோபம் வரலாம். நாங்க சொன்னதில் தப்பிருந்தா எல்லாரும் இருக்கும்போதே திருத்தட்டும், கேட்டுக்கிறோம். போட்டியே நடந்தாலும் நாங்க வெங்காயம் உரிக்க வருவோம், அண்டா கழுவ வருவோம். மார்க் தாளை மட்டும் இனி கையால தொட மாட்டோம்.

கூட்டத்துக்கு முன்னால, சனிக்கிழமை சாயந்திரம், அந்தப் பாட்டி வீட்டுக்கு மறுபடியும் போறோம். பொண்ணுக்குப் புதுச் சலங்கை ஒரு ஜோடி வாங்கி வச்சிருக்கோம், கயிறு கெட்டியா இருக்கிறதாப் பார்த்து. அவ கேட்ட கேள்விக்கு இப்போ எங்ககிட்டப் பதில் இருக்கு. ‘அம்பாள் மார்க் போடலைடா கண்ணு. போட்டது நாங்க. எங்களை மன்னிச்சிடு’ன்னு சொல்லப் போறோம். அவ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. வந்தா, முதல் இரவு முதல் ஆட்டம் அவளோடது.

கருத்து இருந்தா கீழே எழுதுங்க. யாரையும் பேர் சொல்லித் திட்ட வேண்டாம். சீரியல் பத்திப் பேசணும்னா வெள்ளிக்கிழமை மாலை சமையல்கட்டுக்கு வாங்க, கத்தியும் பலகையும் தர்றோம்.

ஓம் சக்தி.

இப்படிக்கு,
அன்னதானக் கூடத்துத் தொண்டர்கள்